பன்னில் பால் பவுடர் இருக்கிறதா?

கடலூர், புதுச்சேரி பக்கம் பேக்கரியும் ஸ்வீட் ஸ்டாலும் நடத்துகிறவர்களுக்கு வணக்கம்.

நான் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். ஏழு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கும் உங்கள் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இருக்கிறது.

பிள்ளைக்கு அப்போது ஐந்தாவது வாரம். பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணியில் மலத்தோடு சளி, நடுவே சிவப்பு நூல் போல ரத்தம். மாமியார் மாந்தம் என்றார். பக்கத்து வீட்டு அக்கா என் உடம்புச் சூடு என்றார். டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார்: நான் சாப்பிடும் பசும்பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போய்ப் பிள்ளையின் குடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, நீங்க பால் சாப்பிடறதை நிறுத்துங்க" என்றார். தயிர், மோர், வெண்ணெய், நெய், கோவா எல்லாம் அதில் அடக்கம். ஆட்டுப்பாலுக்கும் மாற முடியாது, அதன் புரதமும் ஏறக்குறைய அதே ஜாதி. லாக்டோஸ் நீக்கிய பால் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அது சர்க்கரை சம்பந்தப்பட்டது. எங்கள் வம்பு புரதத்தோடு.

இரண்டு வாரத்தில் ரத்தம் குறைந்தது, சளி நிற்கவில்லை. பால் சேராத பிள்ளைகளில் சிலருக்குச் சோயாவும் சேராதாம். மீல் மேக்கரையும் சோயா சாஸ் ஊற்றிய ஃப்ரைடு ரைஸையும் விட்டேன். அப்புறம்தான் துணி சுத்தமாக வந்தது.

வீட்டுச் சாப்பாட்டைச் சமாளித்துவிட்டேன். கால்சியத்துக்குக் கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, டாக்டர் எழுதிய மாத்திரை. முதுநகர் பக்கத்தில் இருக்கும்போது நெத்திலிக்கா பஞ்சம்! ஆனால் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பன்னும் ரஸ்க்கும்தான் நம் ஊர் வழக்கம். உங்கள் கடைப் பைகளால் அலமாரி நிறைந்தது.

மூன்றாம் மாதம் ஒரு பேக்கரியில் நானே கேட்டுத்தான் பன் வாங்கினேன். "பாலே கிடையாதுக்கா, வெறும் மைதாதான்" என்றார் கல்லாவில் இருந்த தம்பி. மறுநாள் ராத்திரி முழுக்கப் பிள்ளை காலை மடக்கி மடக்கி அழுதது. விடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்த்தேன். மறுபடியும் சிவப்பு நூல். திரும்பப் போய்க் கேட்டபோது மாவு பிசைகிற மாஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். "பால் பவுடர் கொஞ்சம் போடுவோம்மா, சோயா மாவும் ஒரு கை. மெத்துன்னு வரணும்ல? கொஞ்சம்தான்."

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. மாஸ்டருக்குத் தெரியும், ஆனால் அவர் அடுப்படியில் இருக்கிறார். 'கொஞ்சம்தான்' என்பது எனக்குப் பதிலாகாது. ஒரு பன்னில் இருந்த கொஞ்சத்தால் எங்களுக்கு ஒரு வாரம் போனது.

பாக்கெட்டில் அடைத்து விற்றால் பால், சோயா இருப்பதைத் தனியாக அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகள் சொல்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டில் அடுக்கியதற்கு அப்படி லேபிள் எதுவும் கிடையாது. ஆனால் உதிரி இனிப்புத் தட்டுகளில் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று அட்டை வைக்கச் சொல்லும் உத்தரவு 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்ததே, நினைவிருக்கும். அந்த அட்டையில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: பால் உண்டு, சோயா உண்டு. தட்டில் தடவிய நெய்யையும் சேர்த்து. கடலை மிட்டாயில் பால் இல்லைதான், ஆனால் ஊற்றி ஆறவைத்த தட்டில் நெய் தடவியிருந்தால்? முறுக்கு மாவிலும் வெண்ணெய் இருக்கலாம். புதுச்சேரி நீள ரொட்டிக்கு மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கே போதும். அப்படித்தான் செய்கிறீர்கள் என்றால் பெருமையாக எழுதி வையுங்கள், என்னைப் போன்றவர்கள் தேடி வந்து வாங்குவோம். அட்டை எழுத நேரமில்லையா, கல்லாவில் இருப்பவரிடம் "கேட்டால் மாஸ்டரிடம் கேட்டுச் சொல்" என்றாவது சொல்லி வையுங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுவாக்கில் இது சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். அதுவரை என் நப்பாசை ஜாங்கிரி மேல்தான். உளுந்து, சர்க்கரை. சரி, பொரித்தது எண்ணெயிலா, நெய்யிலா?