அக்குளில் இருந்த அந்தப் பொருக்கைப் பார்த்த சிஸ்டருக்கு

நேற்று காலை அம்மா திண்ணையில் உட்கார்ந்து தானே கஞ்சி குடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத எனக்குக் கை வந்தது.

மார்கழியில் ஆட்டுக்குப் புல் அறுத்து வந்தவருக்குக் காய்ச்சல். ஐந்து நாள் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையிலேயே போனது. ஆறாம் நாள் இரவு நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. 108 வண்டியில் வந்த அண்ணன் விரலில் கருவியை மாட்டினார், ரத்தத்தில் ஆக்சிஜன் 78 சதவீதம் என்று காட்டியது. வேலூர் போய்ச் சேரும்வரை அம்மாவின் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை. உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன், அண்ணா.

ஐசியு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். கறுப்பாகத் தெரியவேண்டிய நுரையீரல் இரண்டு பக்கமும் நீர் கோத்து வெள்ளை. இதயம் பலவீனமானாலும் இப்படி நீர் கோக்கும் என்று எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. வென்டிலேட்டர் வைத்த பிறகு மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள ஆக்சிஜன் அளவை, உள்ளே கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தார்கள். 100க்குள் இருந்தாலே கடுமை. அம்மாவுக்கு 92. "ஏஆர்டிஎஸ் வந்திருக்கும்மா, நுரையீரல் வீங்கி நீர் கோத்து மூச்சு திணறுற நிலை. எதனால வந்ததுன்னு தெரிஞ்சாதான் மருந்து" என்றார் டாக்டர். நிமோனியா, மலேரியா, எலிக்காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள்.

அந்த இரவில்தான், சிஸ்டர், நீங்கள் அம்மாவுக்கு உடம்பு துடைத்துவிட்டீர்கள். இடது கையைத் தூக்கியதும் அக்குள் மடிப்பில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காததால் அம்மாவுக்கே தெரிந்திருக்காது. உடனே டூட்டி டாக்டரைக் கூப்பிட்டீர்கள். ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக்காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவதாம். ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் ஊசியில் அன்றிரவே ஏறின.

அப்புறம், தினமும் 16 மணி நேரம் அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். குழாய் எதுவும் நழுவாமல் ஐந்து பேர் சேர்ந்து திருப்புவார்கள். முடி அடியில் சிக்கி இழுக்கக் கூடாது என்று, திருப்பும் முன் ஒவ்வொரு முறையும் சீவி ஒருபக்கமாகப் பின்னிவிட்டீர்களே ஆயாம்மா, அந்தப் பின்னலோடுதான் அம்மா வீட்டுக்கு வந்தார். அவிழ்க்க மனம் வராமல் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன்.

எங்கள் தெருவில் இப்போது யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று மடிப்பெல்லாம் பார்க்கச் சொல்கிறேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தது, சிஸ்டர்.

அடுத்த மாதம் செக்கப்புக்கு வருகிறோம். அன்றைக்கு உங்களுக்கு டூட்டி இருக்குமா? மயக்கத்தில் உங்கள் குரலை மட்டும்தான் கேட்டாராம். முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார் அம்மா.