தாலுகா அலுவலகம் முன்பு ஒரு நாள் உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டு மனு

அனுப்புநர்:
மேலத்தெரு பெண்கள் (கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கத்தில்)

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்

பொருள்: குடிநீர் கேட்டு உண்ணாவிரதம் இருக்க அனுமதி வேண்டியும், எங்கள் மீதுள்ள வழக்கைக் கைவிட வேண்டியும்.

பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான்காவது மனு. முதல் மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, சரியான பதில் இல்லை.

1. ரேஷன் கடை எதிரில் உள்ள தண்ணீர்த் தொட்டியைத் தாண்டித்தான் தங்கள் வண்டி போகும். அதன் நிலைமை தங்களுக்குத் தெரியும்.

2. முன்பு இருக்க நினைத்த உண்ணாவிரதத்துக்கு ஐந்து நாள் முன்பே எழுதிக் கொடுத்தோம். "30(2) அமலில் உள்ளது" என்ற மறுப்பு, முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வந்தது. 1861-ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் அந்தப் பிரிவு கூட்டங்களை முறைப்படுத்துவதற்கு. இங்கே அதைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீட்டித்துக்கொண்டே போகிறார்கள். அப்புறம் எந்த நாளில்தான் நாங்கள் கேட்பது?

3. அதனால்தான் காலிக்குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம். பஸ் நாற்பது நிமிடம் நின்றது. அது தவறுதான், ஒத்துக்கொள்கிறோம். அந்த பஸ்ஸில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் ஐயா, அதற்காக 22 பேர் மீது வழக்கு, அதில் 19 பேர் பெண்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பஸ் மாறிப் போகிறோம். அன்றைய கூலி போகிறது. பேர் கூப்பிடும்வரை வராந்தாவில் நிற்கிறோம், கூப்பிட்டதும் அடுத்த தேதி சொல்கிறார்கள். எழுபது வயதுக் கிழவியைக் கோர்ட் படியில் இரண்டு பேர் தூக்கித்தான் ஏற்றுகிறோம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி மரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். எல்லாவற்றையும்விட, எங்கள் தெருவில் ஒரு பெண் காவலர் தேர்வுக்குப் படித்தாள். விடியற்காலையில் இதே ரோட்டில் ஓடிப் பழகியவள். தங்கள் துறையில் சேரத்தான் ஐயா! வழக்கு இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்றதும் புத்தகத்தைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். அவள் அம்மா, இந்த மனுவை எழுதும் என்னிடம், "குடத்தைத் தூக்கிக்கொண்டு வா என்று நீதானே கூப்பிட்டாய்" என்கிறாள். நான் என்ன சொல்வது?

4. இப்போது அதே வழக்கைக் காட்டி மறுபடி அனுமதி இல்லை என்கிறார்கள். அனுமதி இல்லாததால் வழக்கு, வழக்கு இருப்பதால் அனுமதி இல்லை. இது நியாயமா?

5. சாலையில் கூடுவதை முறைப்படுத்தலாம், ஒரேயடியாகத் தடுக்கக் கூடாது என்று 1972-லேயே ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுவழியைக் காலவரையின்றி மறிக்கக் கூடாது, போராட்டம் குறிப்பிட்ட இடத்தில் நடக்க வேண்டும் என்று 2020-இல் டெல்லி ஷாஹீன்பாக் சாலை மறியல் வழக்கில் சொன்னது. சரி, அந்தக் குறிப்பிட்ட இடத்தைத்தானே கேட்கிறோம்! சுடுகாட்டுத் திடலுக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே எங்களை யார் பார்ப்பார்கள்? தாசில்தார் வருவாரா?

6. தாலுகா அலுவலகத்தின் தெற்கு மதிலோரம், வேப்ப மரத்தடி. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. மைக் வேண்டாம், பந்தல் வேண்டாம். ரோட்டில் ஒரு குடம்கூட வைக்க மாட்டோம். எத்தனை பேர் என்று தாங்களே சொல்லுங்கள், அத்தனை பேர் மட்டும் வருகிறோம்.

அனுமதி கொடுங்கள் ஐயா. தேதியையும் தாங்களே குறித்துக் கொடுங்கள். வழக்கு விஷயத்தில் அந்தப் பெண்ணை நினைத்தாவது மேலிடத்துக்கு ஒரு பரிந்துரை எழுதுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில், நீதிமன்றத்துக்குப் போக அவகாசம் இருக்கும்போதே கொடுங்கள். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
மேலத்தெரு பெண்கள்