யார் சொன்னது என்றும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குடும்ப வரலாற்றை எழுதி வைப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் மறுபேச்சே இல்லை. ஆனால் கேட்டதை எப்படி எழுதுவது என்ற இடத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. அங்கேதான் நான் சறுக்கினேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டுக் கதையை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். தாத்தா வேலை தேடி வெளியூர் போனது கல்யாணத்துக்கு முன்பு என்றார் அத்தை. மூத்த பிள்ளை பிறந்த பிறகுதான் என்றார் பெரியப்பா. இரண்டையும் எழுதினால் படிப்பவர்கள் குழம்புவார்களே என்று பெரியப்பா சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டேன். அவர் மூத்தவர், கோவையாகவும் பேசுவார். அத்தை காலமான பிறகு ஒரு பெட்டியின் அடியில் தாத்தா எழுதிய கடிதம் ஒன்று கிடைத்தது. வெளியூரிலிருந்து எழுதியது, கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முந்தைய தேதி. அத்தை சொன்னதுதான் சரி. அன்றைக்கு அவர் சொன்ன மற்ற விவரங்களை இனி எங்கே போய்த் தேடுவது? நான்தான் எழுதவே இல்லையே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செய்திக்குப் பக்கத்திலும் யார் சொன்னார், எப்போது சொன்னார், அவர் கண்ணால் பார்த்ததா கேள்விப்பட்டதா என்று குறித்து வருகிறேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டும் நோட்டில் இருக்கும். அவர்கள் பேச்சையும் நான் திருத்துவதில்லை. முன்பு பாட்டி சொன்னதையெல்லாம் நல்ல தமிழாக்குகிறேன் என்று மாற்றி எழுதிய பக்கங்களை இப்போது படித்தால் என் குரல்தான் கேட்கிறது.

ஆவணம் கிடைத்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த தேதியை நம்பலாம். ஆனால் வயதும் பெற்றோர் பெயரும் பெரும்பாலும் பதிவு செய்யப் போனவர் வாயால் சொன்னவை. துக்க வீட்டிலிருந்து ஓடிய மருமகனுக்கு மாமனாரின் அம்மா பெயர் எந்த அளவுக்கு நினைவிருக்கும்? அதுவும் வாய்மொழிதான், முத்திரை குத்திய வாய்மொழி.

பழைய படங்களுக்கும் இதே கதை. பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் லேசாகப் பெயர் எழுதுங்கள், அடையாளம் காட்டியவர் பெயரையும் சேர்த்து. பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதிக்கும், மையும் ஊறும். லேமினேட் செய்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஒலிப்பதிவுகளைக் கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது, அடுத்த கைப்பேசி வாங்கும்போது அவர்களே தெரிந்துகொள்வார்கள்.

வம்சாவளிப் படம் வரைவதற்குப் பதிலாக எண் போடும் முறை ஒன்று உண்டு. 1590-இல் மிக்கேல் ஐட்சிங்கர் என்பவர் அச்சிட்ட நூலிலேயே இருக்கிறது. உங்களுக்கு 1, அப்பாவுக்கு 2, அம்மாவுக்கு 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. இப்படிப் பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 இடங்கள் வரும். அதில் ஒரு ராஜாவைத் தேடிப் பிடித்துப் பெருமைப்படுகிறவர்கள் மீதி 1,023 பேரைப் பற்றி வாயே திறப்பதில்லை! எனக்கு இந்த முறை பிடித்ததற்குக் காரணம், காலி இடம் காலியாகவே தெரியும். படம் வரைந்தபோது தெரியாத பெயர்களுக்குக் கோடே போடாமல் விட்டிருந்தேன், யாரும் கவனிக்கவில்லை. எண் போட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். என் அப்பாவின் அம்மா 5, அவருடைய அப்பா 10, அம்மா 11. பத்தாம் எண்ணுக்குப் பெயரும் உண்டு, தொழிலும் உண்டு, அவருடைய கோபத்தைப் பற்றி இரண்டு கதைகளும் உண்டு. பதினொன்றுக்கு எதுவுமே இல்லை.

பெரியப்பாவுக்கு இப்போது வயது 93. போன வாரம் அவரிடம் போய், உங்கள் அம்மாவைப் பெற்றவர் பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மாச்சின்னுதான் கூப்பிடுவோம். பேரை யார் கேட்டா?" என்றார். அப்படியே எழுதி, பக்கத்தில் அவர் பெயரையும் தேதியையும் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி