எங்கள் மகளை முகம் பார்த்துப் பேசியவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கும் உறவுகளுக்கும்,

மகள் நடந்துவிட்டாள். விறாந்தைத் தூணிலிருந்து கிணற்றடி வரைக்கும், யாருடைய விரலையும் பிடிக்காமல் நடந்தாள். தொலைபேசியில் இதைச் சொல்லப் போனால் பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஒன்றரை வயது தாண்டியும் அவள் நடக்காததால் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எடுத்த பரிசோதனைகளும், முடிவுக்காகக் காத்திருந்த நாட்களும் தெரியும். அவற்றைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. முடிவு நல்லபடியாக வந்தது, பிள்ளையும் நடக்கிறாள். நன்றி சொல்வது மட்டும் மிச்சம் இருக்கிறது.

எல்லோருக்கும் முதலில், எங்கள் சந்திக் கடை ஐயாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒட்டுசுட்டான் பக்கத்து ஆட்களுக்குப் பெயர் இல்லாமலே விளங்கும்.

வைத்தியசாலையில் பிசியோதெரபி மிஸ் எங்களுக்கு ஒரு பயிற்சி சொல்லியிருந்தார். பிள்ளையின் இடுப்பளவு உயரத்தில், பிடித்தால் அசையாத, நீளமான பலகை ஒன்று வேண்டும். பிள்ளையை ஒரு முனையில் நிறுத்தி, அவளுக்கு விருப்பமான பொருளை மறு முனையில் வைக்க வேண்டும். அதை எடுப்பதற்காகப் பலகையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் அடி வைத்துப் போவாள். அப்படிப் போகும்போதுதான் இடுப்புத் தசைகள் பலப்படும் என்று விளங்கப்படுத்தினார். எங்கள் வீட்டில் இருப்பவை பிளாஸ்டிக் கதிரைகள். அவள் பிடித்து எழும்பினால் கதிரையும் சேர்ந்து வழுக்கும். விழுந்த பிறகு அன்று முழுவதும் நிற்க மாட்டேன் என்று அடம்பிடிப்பாள்.

ஒரு பின்னேரம் பருப்பு வாங்கப் போன இடத்தில், அங்கே நின்ற அக்கா ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐயா தராசில் கண்ணாக இருந்தார். "இடுப்பளவு என்றால் எவ்வளவு, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். மகளைத் தூக்கி நிறுத்திக் காட்டினேன். சாமான் கட்டும் சணல் நூலில் ஒரு துண்டை அறுத்து, அவளுக்குப் பக்கத்தில் பிடித்து, அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பருப்பை நிறுத்துத் தந்தார். நாங்கள் வந்துவிட்டோம்.

மறுநாள் போனால், கடை வாசலில் இருந்த வாங்கு குட்டையாகி நிற்கிறது.

அந்த வாங்கைப் பற்றி வெளியூரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். மீள்குடியேறி வந்து, தறப்பாள் கொட்டிலில் கடை தொடங்கிய காலத்தில் ஐயா செய்வித்த முதல் தளபாடம் அது. நல்ல வைரம் பாய்ந்த பாலை மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். காலையில் பத்திரிகை வாசிப்பதும், முத்தையன்கட்டுக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, நெல் என்ன விலை போகிறது என்று பேசுவதும் அதில் இருந்துதான். அப்படிப்பட்ட வாங்கின் நான்கு கால்களையும், அந்த வயதில், இரவோடிரவாகக் கைவாளால் அறுத்திருந்தார். பலகையின் விளிம்பு முழுவதையும் சிராய் குத்தாதபடி தேய்த்தும் வைத்திருந்தார். அறுத்தெடுத்த நான்கு துண்டுகளையும் மகளின் கையில் கொடுத்து, "இது முதலாளிக்கு" என்றார். அன்றிலிருந்து அவள்தான் கடைக்கு முதலாளி. அந்தத் துண்டுகளை இன்னும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தள்ளி விளையாடுகிறாள்.

பிறகு அவளுக்கு வேலையும் கொடுத்தார். வாங்கின் ஒரு முனையில் சின்ன வெங்காயப் பெட்டி, மறு முனையில் பழைய தராசுத் தட்டு. ஒவ்வொரு வெங்காயமாக எடுத்துக்கொண்டு, ஒரு கையால் வாங்கைப் பிடித்தபடி, பக்கவாட்டில் அடி வைத்துப் போய்த் தட்டில் போட வேண்டும். முளைவிட்ட வெங்காயங்களை அவள் தட்டில் போடுவதில்லை, வாங்கின் நடுவில் ஒதுக்கி வைப்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒதுக்கியதை யாராவது தட்டில் சேர்த்துவிட்டால் எடுக்கும்வரை விட மாட்டாள். ஐயா அவளோடு வெங்காயத்தைப் பற்றித்தான் பேசுவார். எது நல்லது, எது பழுது, இன்றைக்கு வந்த மூட்டை எப்படி என்று பெரிய ஆளிடம் கேட்பதுபோலக் கேட்பார். அவளும் தலையை ஆட்டியும் கையை விரித்தும் தனக்குத் தெரிந்த சொற்களில் பதில் சொல்வாள். ஒருநாள்கூட அவர் அவளுடைய காலைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தக் காலத்தில் எங்களைக் கண்டவர்கள் முதலில் கேட்டது "இன்னும் நடக்கவில்லையா?" என்பதைத்தான். அன்பினால் கேட்டவர்களே அதிகம், அது எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைக்குக் கேள்வி விளங்கும் வயது வந்துவிட்டிருந்தது. கேட்கிறவரின் கண் தன் முகத்திலிருந்து காலுக்கு இறங்கும்போது அவள் பாவாடையை இழுத்துக் காலை மூடுவாள். அதைக் கண்ட பிறகு கிளினிக் நாள் தவிர வேறெங்கும் அவளைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. அந்த நாட்களில் நாங்கள் தயக்கமில்லாமல் போன ஒரே இடம் அந்தக் கடைதான்.

வாங்கில் இருக்கும் பெரியவர்களையும் மறக்கக்கூடாது. அதில் இருந்தால் இப்போது முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. மூட்டுவலி உள்ள ஒருவர் தூணைப் பிடித்துத்தான் எழும்புகிறார். நான் சங்கடப்பட்டு நின்றபோது, "பிள்ளை எழும்பட்டும், நாங்கள் எப்படியும் எழும்புவோம்" என்றார். அவள் வரும் நேரத்துக்கு எல்லோரும் எழுந்து வாங்கு முழுவதையும் அவளுக்கே விட்டுவிட்டு நின்றபடி பத்திரிகை வாசிப்பார்கள்.

இந்த மாதங்களில் அவள் எப்படிப்பட்ட பிள்ளையாக வளர்ந்தாள் என்பதையும் சொல்ல ஆசைப்படுகிறேன். நடக்கவில்லை என்ற கவலையில் இதை நாங்கள் யாருக்கும் சொல்லவே இல்லை. அவள் தவழ்ந்ததில்லை. இருந்தபடியே ஒரு கையை ஊன்றி அரக்கி அரக்கித்தான் வீடெல்லாம் திரிந்தாள். ஒழுங்கைக்குள் வரும் சைக்கிளின் சத்தத்தை வைத்து வருவது யார் என்று சொல்லிவிடுவாள். கோழிகளை அதட்டுவாள், அடுத்த நிமிடம் சமாதானப்படுத்துவாள். பிடித்தவர்கள் வீட்டுக்கு வந்தால், அவர்கள் போய்விடாமல் இருக்கச் செருப்பை மடியில் வைத்து அரக்கிக்கொண்டுபோய் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவிடுவாள். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் அம்மாவின் செருப்பு ஒவ்வொரு முறையும் அங்கேதான் கிடைக்கும். அவரும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுவதுபோல நின்று தேடுவார்.

அந்த அம்மாவுக்கும் என் நன்றி. கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "தகப்பனும் பிந்தித்தானே நடந்தான் என்று இருந்துவிடாதீர்கள், ஒன்றரை வயது தாண்டினால் வைத்தியர் பார்க்க வேண்டும்" என்று எங்களை அனுப்பியவர் அவர்தான். சிறுவர் வைத்திய நிபுணருக்கு நன்றி. காத்திருந்தவர்கள் அத்தனை பேர் இருந்தும் எங்களை இருத்தி விளங்கப்படுத்தினார். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 816 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தனியே நடக்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருந்ததாம். நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கை, முழங்கால் ஊன்றித் தவழவே இல்லையாம். அரக்கித் திரியும் பிள்ளைகள் பெரும்பாலும் பிந்தித்தான் நடப்பார்கள், இவளுக்கு மூட்டும் தசையும் சற்றுத் தளர்வு, ஆனாலும் பாரதூரமானது எதுவும் இல்லை என்று தெரியும்வரை பரிசோதிப்பதுதான் முறை என்றார். அன்றிரவு பல நாட்களுக்குப் பிறகு நித்திரை வந்தது.

ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கும் நன்றி. சில்லுப் பூட்டிய, பிள்ளையை நடுவில் இருத்தும் வண்டியை வாங்கப் போன எங்களைத் தடுத்தவர் அவர். கனடாவில் அதன் விற்பனையை 2004ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டார்கள், பிள்ளைகள் அதில் உருண்டுபோய் அடிபடுகிறார்கள், நடையும் அதனால் விரைவில் வராது என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னார். மாங்குளம் பஸ்ஸில் எழுந்து இடம் தந்தவர்கள், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நின்றபோது ஓடிப்போய் எங்களுக்காகவும் தேங்காய் உடைத்துவிட்டு வந்த நடத்துநர் தம்பி, மகளின் கைக்குள் கச்சானைத் திணித்துக் காசு வாங்க மறுத்த அம்மா, நாங்கள் வைத்தியசாலைக்குப் போன நாட்களில் எங்கள் மாட்டைக் கட்டி அவிழ்த்த பக்கத்து வீட்டார், எல்லோரையும் நினைக்கிறேன். அம்மம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். வரும் வைகாசிப் பொங்கலுக்கு நந்திக்கடலோரத்து மணலில் பேத்தியைத் தன் காலில் நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்பது அந்த நேர்த்தி.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மனம் வரவில்லை. பிசியோதெரபிப் பிரிவின் வாசலில் காத்திருந்தபோது வேறு தாய்மாரோடு பழகினேன். அவர்களில் சிலருடைய பிள்ளைகள் நடக்க இன்னும் பல வருடங்கள் ஆகலாம். சில பிள்ளைகள் நடக்காமலே போகலாம். அந்தப் பிள்ளைகளுக்கும் குறும்பும் கோபமும் பிடிவாதமும் இருக்கின்றன. ஒருவனுக்கு நீல நிறம் என்றால் உயிர். இன்னொருத்தி யார் பாடினாலும் கையைத் தட்டித் தாளம் போடுவாள். என் மகள் நடந்தாள் என்பதற்காக மட்டும் நான் மகிழ்ந்தால், அந்தத் தாய்மாரின் முகத்தை என்னால் பார்க்க முடியாது. நடக்காமல் இருந்த நாட்களிலும் இவள் இவளாகவே இருந்தாள் என்பதைக் கடை ஐயா என் கண்முன் காட்டித் தந்தார். இனி எந்தப் பிள்ளையைக் கண்டாலும் அதன் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு என்ன செய்தாய் என்று பிள்ளையிடமே கேட்பேன். இது நான் எனக்கே கொடுத்துக்கொண்ட வாக்கு. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா, கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். மகளின் அப்பா தச்சரிடம் வாங்கு ஒன்று சொல்லியிருக்கிறார், பழைய உயரத்தில். பெரியவர்களுக்காக அது உங்கள் கடை வாசலுக்கு வரும். காசைப் பற்றிப் பேசாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். குட்டை வாங்கை மட்டும் எடுத்துவிடாதீர்கள். குளக்கட்டுப் பக்கத்து வீட்டுச் சின்னவனும் இப்போது பிடித்து நிற்கத் தொடங்கியிருக்கிறான். அவனுக்கு வெங்காயம் பிடிக்காதாம், தேசிக்காய்தான் வேண்டுமாம்.

மிக்க நன்றியுடன்,
முதலாளியின் அம்மா