ஒரே ‘சார்ஜ்’, எத்தனை வேலை!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து பொது அறிவிப்பு விளம்பரங்கள் வரை ஒன்றுவிடாமல் படிக்கும் வாசகன் நான். நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்ததாராக (நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை எழுத்தராக) ஓய்வுபெற்றவன் என்பதால் வழக்குச் செய்திகளில் கண் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். நிற்கிற இடத்தில் பெரும்பாலும் ஒரே ஆங்கிலச் சொல்தான் இடறுகிறது. ‘சார்ஜ்’ என்ற சொல். மூலச் செய்தி ஆங்கிலத்தில் வந்திருக்கும். பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கியிருக்கும். மொழிபெயர்க்கிறவர் கைக்கு முதலில் அகப்பட்ட தமிழ்ச் சொல்லைப் போட்டுவிடுகிறார். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது செய்தியில் பெயர் வருகிறவர் அல்லவா?

சென்ற வாரம் ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவரைப் பற்றிய செய்திக்குக் ‘குற்றச்சாட்டு உறுதி’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். எங்கள் தெரு டீக்கடையில் அவருக்கு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள். உள்ளே படித்தால், நீதிமன்றம் அன்று செய்தது குற்றச்சாட்டு வனைந்தது (எழுத்தில் வகுத்தது) மட்டுமே. சாட்சிகளில் ஒருவர்கூட இன்னும் கூண்டில் ஏறவில்லை.

காவல்துறை புலன்விசாரணையை முடித்து நீதிமன்றத்தில் தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 173. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 193. ஆங்கிலத்தில் இதைச் ‘சார்ஜ் ஷீட்’ என்கிறார்கள். அந்தத் தாள்களையெல்லாம் பார்த்து, இரு தரப்பையும் கேட்டு, விசாரணை நடத்த முகாந்திரம் இருக்கிறது என்று நீதிபதி கருதினால், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன குற்றம் செய்ததாக உம்மீது சாட்டப்படுகிறது என்று எழுதி, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீரா, விசாரணை கோருகிறீரா என்று கேட்பார். இதுவும் ஆங்கிலத்தில் ‘சார்ஜ்’தான். நீதிமன்றத் தமிழில் குற்றச்சாட்டு வனைதல் என்போம். குயவர் சக்கரத்தில் புழங்கும் சொல்லை வழக்குக் கட்டுக்குள் கொண்டுவந்த அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர் யார் என்று அறிய எனக்கு நெடுநாள் ஆசை. வனைவது காவல்துறை அல்ல, நீதிமன்றம். வனைந்தபின்தான் சாட்சி விசாரணையே தொடங்குகிறது. ‘உறுதி’ எங்கிருந்து வந்தது?

குற்றப்பத்திரிகை, குற்றச்சாட்டு இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று உங்கள் உதவி ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். காவலில் இருக்கிறவரின் குடும்பம் முழுகும். குற்றத்தின் தன்மையைப் பொறுத்துப் பொதுவாக 60 நாளுக்குள்ளோ 90 நாளுக்குள்ளோ குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், கேட்டுப் பிணையில் வெளிவரும் உரிமை அவருக்குப் பிறந்துவிடுகிறது. அந்தக் கணக்குக் குற்றப்பத்திரிகைக்கு மட்டும் உரியது. குற்றச்சாட்டு வனைவது தாமதமானால் அப்படியொரு பிணை உரிமை பிறப்பதில்லை. நாளிதழைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டு வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இதன் மறுபுறம் ‘டிஸ்சார்ஜ்’. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதும் டிஸ்சார்ஜ், வழக்கிலிருந்து விடுபடுவதும் டிஸ்சார்ஜ். வழக்கில் அது விடுவிப்பு, விசாரணை நடத்த முகாந்திரமே இல்லை என்று தொடக்கத்திலேயே அனுப்பிவிடுவது. விசாரணை நடந்து, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பு எழுதி அனுப்புவது விடுதலை. நீங்கள் இரண்டுக்கும் ‘விடுதலை’ என்றே போடுகிறீர்கள். விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. மேல்முறையீடு ஒன்றுதான் வழி. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விடுவிப்பு விடுதலை ஆகாது என்று சட்டமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. புதிய ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்ப வரலாம். ‘விடுதலையானவர் மீது மீண்டும் வழக்கா?’ என்று நீங்களே பிறகு வியந்து எழுதுகிறீர்கள்.

அரசு ஊழியர் செய்திகளில் நிலைமை இன்னும் மோசம். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17(ஏ), 17(பி) என்று இரண்டு உண்டு. முன்னது சிறு தண்டனைகளுக்கு, பின்னது பணிநீக்கம் வரை போகக்கூடிய பெரிய தண்டனைகளுக்கு. 17(பி)யின் கீழ் துறைத்தலைமை கொடுக்கும் தாளையும் ஆங்கிலத்தில் ‘சார்ஜ் மெமோ’ என்பார்கள். தமிழில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. வருகைப் பதிவேட்டில் ஏதோ கோளாறு என்று ஒரு வருவாய்த் துறை ஊழியருக்குக் கொடுத்த குறிப்பாணையைத் தாங்கள் ‘குற்றப்பத்திரிகை’ என்று அச்சிட்டீர்கள். காவல் நிலையத்தின் நிழலே படாத விவகாரம் அது. அவருடைய மகளுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி, இதை இத்தோடு விடுகிறேன்.

இத்தனை வேலையையும் ஆங்கிலக்காரர் எப்படி ஒரே சொல்லிடம் வாங்குகிறார் என்று அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். வேர் ஒரு மாட்டுவண்டிக்காரருக்குச் சட்டென்று விளங்கக்கூடியது. ‘கார்ரஸ்’ என்றால் வண்டி. ‘கால்’ (இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் கெல்டிய மக்களிடமிருந்து லத்தீன் வாங்கிக்கொண்ட சொல். அதிலிருந்து பிற்கால லத்தீனில் ‘கார்ரிகாரே’, வண்டியில் பாரம் ஏற்றுதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆயிற்று. தெருவில் ஓடும் காரும், கப்பலில் வரும் கார்கோவும் அதே குடும்பம். முக அம்சத்தில் மிகையைச் சுமத்தி வரையும் கேரிகேச்சரும் இத்தாலி வழியாக வந்த உறவுதான். தங்கள் கேலிச்சித்திரக்காரருக்குச் சொன்னால் மகிழ்வார்.

பாரம் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டு பாருங்கள். ஒருவர் தலையில் குற்றத்தை ஏற்றினால் குற்றச்சாட்டு. நாமும் பழி சுமத்துவது என்றுதானே சொல்கிறோம்? செலவை ஏற்றினால் கட்டணம். வேலையை ஏற்றினால் பொறுப்பு. ‘பொறை’ என்றாலே சுமைதான். அலுவலகத்தில் சார்ஜ் கொடுப்பது, சார்ஜ் வாங்குவது என்று சொல்லிக்கொண்டிருந்தாலும், தாளில் எழுதும்போது பொறுப்பேற்றேன் என்றுதான் எழுதுவோம். நான் சான்றுப் பொருள் அறையின் பொறுப்பை ஏற்ற அன்று துருப்பிடித்த அரிவாள்கள், பித்தளைக் குடங்கள், யாருடையது என்றே தெரியாத ஒற்றைச் செருப்பு என்று பதிவேட்டோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று அந்தச் சொல் உண்மையிலேயே கனத்தது.

துப்பாக்கியில் மருந்து ஏற்றுவதும் சார்ஜ். அந்த வழியில்தான் மின்சாரத்துக்கும் சொல் போயிற்று. 1740களில் கண்ணாடிச் சாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்து ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் இதைத் தாராளமாகப் புழங்கினார். ‘பேட்டரி’ என்பதும் பீரங்கிப் படையிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட சொல்லே. நம் பாடநூலில் மின்னூட்டம் என்கிறார்கள். இலங்கைப் பாடநூலில் மின்னேற்றம். எனக்கு இலங்கைச் சொல்தான் பிடித்திருக்கிறது. ஏற்றம் என்பதில் வண்டியும் பாரமும் இன்னும் இருக்கின்றன.

‘லத்தி சார்ஜ்’ பற்றி நீட்ட வேண்டாம். தடியடி என்று பளிச்சென்று எழுதுகிறீர்கள், நன்று. பழைய நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவில் கூட்டத்தைப் பலம் கொண்டு கலைக்கலாம் என்றுதான் இருந்தது. லத்தியும் இல்லை, சார்ஜும் இல்லை. அதிலும் ‘லேசான தடியடி’ என்று ஒன்று எழுதுகிறீர்களே, அதன் லேசை அளந்து சொன்ன நிருபரின் முதுகைப் பார்க்க வேண்டும்.

வரவு செலவுத் திட்டத்தின்போது ஓரிடத்தில் ‘கட்டணச் செலவினம்’ என்று கண்டேன். ஆங்கிலத்தில் இது ‘சார்ஜ்டு’ செலவினம். செலவுக்கு ஏது கட்டணம்? அரசமைப்புச் சட்டத்தின் 112ஆம் பிரிவு சில செலவுகளை இந்தியத் தொகுப்பு நிதியின்மீதே (அரசின் பொதுக் கருவூலத்தின்மீதே) நேராக ஏற்றி வைத்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஊதியம், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் போன்றவை. மாநிலத்துக்கு 202. இவற்றை அவையில் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. நீதிபதியின் சம்பளம் ஆளுங்கட்சியின் கைதூக்கலை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதைக் ‘கட்டணம்’ என்று போட்டால் ஏதோ சுங்கச்சாவடி வசூல்போல் இருக்கிறது.

கடைசியாகத் தங்கள் விளம்பரப் பிரிவுக்கு ஒன்று. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 100ஆம் பிரிவில் வரும் ‘சார்ஜ்’ கட்டணம் அல்ல, அடமானமும் அல்ல. ஒரு தொகைக்கு ஈடாகச் சொத்தின்மேல் ஏறி நிற்கும் பாத்தியம். ஊரில் வில்லங்கம் என்றால் யாருக்கும் தெரியும். கணவன் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும், அதற்கு அவனுடைய நஞ்சை பொறுப்பு என்று தீர்ப்பாணை வாங்கிக்கொண்டு போன பெண்கள் பலருக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு நிலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதித் தந்த பொது அறிவிப்பு, தங்கள் இதழில் ‘ஜீவனாம்சக் கட்டணத்துக்கு உட்பட்டது’ என்று தமிழில் வெளியாகியிருந்தது. வாங்க வந்தவர் அதைப் பதிவுக் கட்டணம்போல் ஒன்று, கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து முன்பணம் கொடுத்துவிட்டார். இனி இத்தகைய அறிவிப்புகளில் ‘சார்ஜ்’ என்று கண்டால் ‘வில்லங்கம்’ என்றே போடச் சொல்லுங்கள். ஐயம் வந்தால் விளம்பரம் கொடுத்த வக்கீலுக்கே தொலைபேசியில் பேசிக் கேட்கலாம். அதற்கு அவர் தனியாகச் சார்ஜ் எதுவும் வாங்கமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிரஸ்ததார் ஒருவர்,
கும்பகோணம்.