எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்வதில்லை

மழை, வெப்பநிலைப் பதிவுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் நிலையத்தின் முப்பது ஆண்டுப் பதிவு ஒருவழியாக வந்து சேர்ந்தது. நன்றி. படிவம், கட்டணம், நினைவூட்டல் என்று அதற்குப் பிடித்த மாதங்களைப் பற்றிப் பேசப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

வந்தவை பதிவேட்டுப் பக்கங்களின் சாய்ந்த படங்கள். 3 எது, 8 எது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நானும் இரண்டு மாணவிகளும் கணினியில் ஏற்றினோம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சில நாட்களுக்கு 0.0 என்று இருக்கிறது, சில நாட்களுக்குச் சிறு கோடு, சில நாட்களுக்கு ஒன்றுமே இல்லை. மழை பெய்யவில்லையா, பெய்ததை யாரும் அளக்கவில்லையா? கிழமைவாரியாகப் பிரித்துப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அநேகமாக மழையே இல்லை. திங்கட்கிழமை அதற்கும் சேர்த்துப் பெய்கிறது. வருண பகவானும் வார விடுமுறை எடுத்துக்கொள்கிறார் போலும்.

இது வேடிக்கையோடு போவதில்லை. ஒரு நாள் மழையில் கனமழைக்கு எல்லை 64.5 மி.மீ., மிகக் கனமழைக்கு 115.6. ஞாயிறு காலை 8.30-க்கு 60, திங்கள் காலை 60 என்று அளந்திருந்தால் இரண்டுமே கனமழை ஆகாது. சேர்த்து 120 என்று எழுதினால் நடக்காத மிகக் கனமழை ஒன்று பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அப்புறம் அதை வைத்துக்கொண்டு பெருமழை கூடுகிறதா, குறைகிறதா என்று எதை ஆராய்வது? ‘ஓர் உழவு மழை’ என்று சொன்ன என் தாத்தாவின் கணக்கே தேவலை.

ஆகவே கேட்பது இதுதான்: ஒவ்வொரு நிலையத்தின் அன்றாடப் பதிவையும் கணினி படிக்கும் அட்டவணையாக எல்லாருக்கும் திறந்துவிடுங்கள். அளக்காத நாளை ‘அளக்கவில்லை’ என்றே எழுதுங்கள்.

பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஐரோப்பியர்கள் கணினியில் கணக்கிட்டுத் தரும் இஆர்ஏ5 (ERA5) வானிலைத் தரவு 1940 முதல் மணிவாரியாக இலவசமாகக் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் அதன் ஒரு கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 30 கி.மீ. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., பக்கத்துத் திருச்செந்தூரில் 69 செ.மீ. அந்த வித்தியாசத்தைச் சொன்னது மழைமானிதான். இரண்டு ஊரையும் விழுங்கிவிடும் கட்டம் சொல்லாது.

வெப்பநிலைப் பதிவிலோ ஓராண்டு திடீரென ஏற்றம். விசாரித்தால், மரநிழலில் இருந்த கருவிப் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றினார்களாம். என்றைக்கு? எங்கும் குறிப்பில்லை. காலநிலை மாற்றக் கருத்தரங்குகளுக்கு மட்டும் பதாகை, பொன்னாடை, நினைவுப் பரிசு எதற்கும் குறையில்லை. சென்னையில் 1813 முதல் மழையை எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று எழுதியவர்களிடம் கணினியும் இல்லை, கருத்தரங்கும் இல்லை.

சொற்கள் சற்றுக் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டும். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: அன்றாடப் பதிவு, திறந்த அட்டவணையாக, விடுபட்ட நாளும் நிலையம் இடம் மாறிய தேதியும் குறிப்பிட்டு.

நாங்கள் தட்டச்சு செய்த கோப்பை உங்களுக்கே அனுப்பியிருக்கிறோம். சந்தேகமான திங்கட்கிழமைகளுக்கு மஞ்சள் நிறம் இட்டிருக்கிறது. கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு புவியியல் ஆசிரியை