ஓடுகிற பெண் பிள்ளைகளைப் பெற்ற அப்பாக்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பெங்களூரு அல்சூரில் ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் ஸ்டாண்டில் உங்கள் நாளிதழ் தினமும் ஒன்று வாங்குவோம், ஆறேழு பேர் மாற்றி மாற்றிப் படிப்போம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஜெயித்த பிள்ளைகளின் படம் வரும் பக்கத்தைத்தான் நான் முதலில் பிரிப்பேன். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு 16 வயது. 800 மீட்டர் ஓடுகிறாள். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். மாதவிலக்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஒரு அப்பா இதையெல்லாம் பேப்பருக்கு எழுதலாமா என்று என் அம்மா கேட்டார்கள். அப்பா கேட்கக் கூடாது என்று நான் ஒதுங்கி இருந்ததால்தான் என் பிள்ளை மூன்று மாதம் ஓட முடியாமல் வீட்டில் உட்கார்ந்தாள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் விளையாட்டு என்பது ரத்தத்தில் ஊறியது. கௌதமபுரத்தில் பிரேசில் கால்பந்து வீரர் பெலேவுக்குச் சிலையே உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோலை அடித்தவர் மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன். அந்த இந்திய அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடு இறங்கினார்கள். இந்தக் கதையை என் அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். அதைக் கேட்கக் கேட்க, வலியை வெளியே காட்டாதவன்தான் ஆட்டக்காரன் என்று மனதில் பதிந்துவிட்டது. நான் கால்பந்து ஆடிய காலத்தில் பயிற்சிக்கு நடுவே தண்ணீர் கேட்டால் திட்டு விழும். வயிறு காலியாக இருந்தால்தான் ஓட முடியும் என்பார்கள். கேள்வி கேட்காமல் நம்பினோம். அதே நம்பிக்கையோடு மகளையும் கிரவுண்டில் கொண்டுபோய் விட்டேன்.

அவள் நாள் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். காலை நாலரைக்கு எழுந்திருப்பாள். ஒரு டம்ளர் டீ, அவ்வளவுதான். ஐந்தேகாலுக்கு நான் கிரவுண்டில் இறக்கிவிடுவேன். ஏழரை வரை பயிற்சி. அங்கே பெண்களுக்கான கழிப்பறை பாதி நாள் பூட்டியே கிடக்கும் என்பதால் பெண் பிள்ளைகள் யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. இது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். சாயங்காலம் டியூஷன் முடிய ஒன்பது மணி. படுக்க பதினொன்றரை ஆகிவிடும். ஐந்து மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று பிறகு டாக்டர் சொன்னார். பாதிக்குப் பாதிதான் தூங்கியிருக்கிறாள். அதைப் பார்த்து "எவ்வளவு பொறுப்பு" என்று ஸ்டாண்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஜூனில் கோச் ஒரு எடை பார்க்கும் மெஷினைக் கிரவுண்டுக்குக் கொண்டுவந்தார். எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக ஏற்றி, எடையைச் சத்தமாகச் சொல்லி, நோட்டில் எழுதினார். என் மகளிடம், "இரண்டு கிலோ குறைத்தால் இரண்டு செகண்டு குறையும்" என்றார், பையன்களும் கேட்கும்படி. அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களிடம் பணம் இல்லாதபோது ஸ்பைக் ஷூ வாங்கித் தந்தவர். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் தட்டில் நாலு இட்லி இரண்டாகி, அப்புறம் ஒன்றானது. ராத்திரி சோறு நின்றது. முட்டையைத் தம்பிக்குத் தள்ளிவிட்டாள். "பசிக்கலைம்மா" என்பாள். என் மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். ராத்திரி மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது பிள்ளை சாப்பிட்டாளா இல்லையா என்று எழுந்து போய்ப் பார்க்க முடியுமா?

இதில் ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், முதல் இரண்டு மாதம் கோச் சொன்னது பலித்தது. 2 நிமிடம் 26 செகண்டு ஓடிக்கொண்டிருந்தவள் 23-க்கு வந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். அக்டோபரில் நேரம் நின்றது. நவம்பரில் 29-க்குப் போனது. "மனசு ஓட்டத்தில் இல்லை" என்று கோச் சொன்னார். நானும் அதையேதான் சொன்னேன். அதை இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது. பிள்ளைக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. முடி கொத்தாக உதிர்ந்தது. எதற்கெடுத்தாலும் அழுகை. ஜூலையோடு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. அம்மாவிடம் சொன்னாள். ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், வருத்தப்படாதே என்று கிரவுண்டில் மற்ற அம்மாக்கள் சொல்லிவிட்டார்கள். என் காதுக்கு அது வரவே இல்லை.

டிசம்பரில் முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் ஒரு இடத்தில் மட்டும் விரல் வைத்தாலே துடித்தாள். தெருமுனை கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றும் இல்லை, சதைப் பிடிப்பு என்றார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு இன்னும் பத்து நாள் ஓடினாள். அதற்குப் பிறகுதான் ஒரு அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டர் ஒரு அம்மாவிடம் காட்டினோம். அவர் காலைத் தொடுவதற்கு முன்பு கேட்ட முதல் கேள்வி, "கடைசியா உனக்கு எப்போம்மா மாதவிலக்கு வந்தது?"

நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "உட்காருங்க, அப்பாவும் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

ஐந்து மாதம் ஆகிறது என்று மகள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஸ்கேனில் எலும்பில் விரிசல் தெரிந்தது. இப்படித் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து வரும் விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாமாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4. இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் குறையக் கூடாது, குறைந்தால் அது ரத்தசோகை.

அந்த டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். வீட்டில் வருமானம் குறைந்தால் என்ன செய்வோம்? வாடகையும் அரிசியும் முதலில். வெள்ளையடிப்பது, ஓட்டை ஒழுகல் பார்ப்பது எல்லாம் தள்ளிப்போடுவோம். உடம்பும் அதைத்தான் செய்கிறது. ஓட்டத்துக்கு எரிகிற அளவு சாப்பாடு உள்ளே வராவிட்டால், இதயம், மூச்சு, மூளைக்கு மட்டும் படியளந்துவிட்டு மற்றதை நிறுத்திவைக்கிறது. கருமுட்டைப் பைக்குப் போக வேண்டிய கட்டளையை மூளை குறைத்துக்கொள்கிறது, ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் சுரப்பு இறங்குகிறது, மாதவிலக்கு நிற்கிறது. எலும்பைக் காப்பாற்றுவதும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். எலும்பில் சேர வேண்டிய வலுவில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்தாக வேண்டும். இந்த வயதில் விட்டதை நாற்பதில் பிடிக்க முடியாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்து, கோச்சுகளும் டாக்டர்களும் கவனிக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டிருக்கிறது. பையன்களுக்கும் வரும் என்றும் சொல்லியிருக்கிறது. பையன்களிடம் மாதவிலக்கு மாதிரி வெளியே தெரிகிற அடையாளம் இல்லாததால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். எடைப் பிரிவுக்காகப் பட்டினி கிடக்கும் குத்துச்சண்டை, மல்யுத்தப் பிள்ளைகளின் வீட்டார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், அல்லது 15 வயதாகியும் பெண் பெரியவளாகாவிட்டால், டாக்டரிடம் காட்ட வேண்டும். இது ஓடுகிற பெண்ணுக்குச் சகஜம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் வாசகர்கள் இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு வரியைத்தான் படிப்பார்கள் என்றால் இந்த வரியைப் படிக்கட்டும்.

ரத்தசோகை என் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு அது இருந்தது. பள்ளியில் வாரம் ஒரு நாள் இரும்புச்சத்து நீல மாத்திரை கொடுக்கிறார்கள். வயிறு குமட்டுகிறது என்று என் மகள் அதை ஜன்னலுக்கு வெளியே போட்டிருக்கிறாள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும், சாப்பிட்ட பிறகு போடு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. டீயும் இரும்புச்சத்தும் சேரக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியாது. இப்போது டீக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுகிறோம். கீரையில், பருப்பில் எலுமிச்சம்பழம் பிழிகிறோம்.

சாப்பாடு என்றதும் செலவு என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த நேரத்தில் ஒருவர் மூவாயிரம் ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கச் சொன்னார். நான் கடன் வாங்கவும் தயாராக இருந்தேன். டாக்டரம்மா வேண்டாம் என்றுவிட்டார். ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கத்தான் சொல்லியிருக்கிறது. நம் பெங்களூரில் கிடைக்கிற ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இப்போது கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் ராகிக் கஞ்சியும். பயிற்சி முடிந்ததும் இட்லியும் இரண்டு அவித்த முட்டையும் ஆட்டோவின் பின் சீட்டில் ரெடியாக இருக்கும், பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடுவாள். சாயங்காலம் கடலை மிட்டாய் அல்லது சுண்டல். அவரைக்காய்ச் சீசனில் மொச்சை. ராத்திரி சோறு கட்டாயம்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு செகண்டில் வெண்கலத்தை விட்டார். அங்கே தனக்குச் சாப்பிடக் கிடைத்தது கஞ்சியும் ஊறுகாயும்தான், சத்தில்லாததால் கடைசி சில மீட்டரில் தளர்ந்துபோனேன் என்று பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். மகள் தட்டைத் தள்ளும்போதெல்லாம் என் மனைவி இதைத்தான் எடுத்துச் சொல்கிறாள்.

டியூஷன் சாரிடம் பேசினேன். வாரத்தில் மூன்று நாளை ஞாயிறு மதியத்துக்கு மாற்றித் தந்தார். கேட்டால் கிடைக்கும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இப்போது ஒன்பதரைக்குப் படுக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.

ஓடாமல் இருந்த மாதங்களில் அவள் ரொம்பவே சுருங்கிப் போனாள். நான் ஓடாவிட்டால் நான் யார் என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். பதில் சொல்லத் தெரியாமல் என் மனைவியும் கூட உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பிறகு மகள் கிரவுண்டுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆரம்பித்தாள். அங்கே 11 வயதுப் பெண் ஒருத்தி எடை மெஷினில் ஏற மாட்டேன் என்று அழுததைப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு இவளே கோச்சிடம் போய், "சார், எடையை எல்லார் முன்னாலயும் சொல்லாதீங்க. எங்களுக்குச் சாப்பிடவே பயமாயிடுது" என்று சொன்னாளாம். என்னிடமே வாய் திறக்காத பிள்ளை. இரண்டு நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மெஷினை உள் அறையில் வைத்துவிட்டார். அவள் வாங்கிய எந்த மெடலையும் விட எனக்கு இது பெரிது.

விளையாட்டுத் துறையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பெண் பிள்ளைகள் ஓடுகிற ஒவ்வொரு கிரவுண்டிலும் திறந்திருக்கிற கழிப்பறை ஒன்று, அவர்கள் தயங்காமல் பேசக்கூடிய பெண் ஒருவர், வருடத்துக்கு இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, இவற்றுக்கு வழி செய்யுங்கள். கோடிக்கணக்கில் டிராக் போடுகிற ஊர் இது, செய்ய முடியாத காரியம் இல்லை. ஆசிரியர் அவர்களே, மெடல் படங்கள் போடும் பக்கத்தில் மாதம் ஒருமுறை ஒரு விளையாட்டு மருத்துவரை எழுதச் சொல்ல முடியுமா? தமிழில் படித்தால்தான் எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் போய்ச் சேரும்.

மார்ச்சில் மாதவிலக்கு திரும்ப வந்தது. ஹீமோகுளோபின் 11.6 ஆகியிருக்கிறது. இப்போது நடையும் மெதுவோட்டமும்தான், டாக்டரம்மா சொன்ன கணக்குப்படி. எங்கள் வீட்டில் ஆட்டோ சாவி மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில் காலண்டர் தொங்குகிறது. அதில் அவளே மாதாமாதம் சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி வைக்கிறாள். காலையில் சாவி எடுக்கும்போது நானும் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ ஓட்டுநர்,
அல்சூர், பெங்களூரு.